கையெழுத்துப் போடாதே அக்கா

நாஹா, ஓகினாவா, ஜப்பான்
20.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலமா?

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது. தினமும் எழுத உட்காருவேன், இரண்டு வரிக்கு மேல் ஓடாது. என் மேல்தான் தப்பு. போனில் பேசினால் சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் நீ கடுதாசி போட்டாய் என்று எனக்குப் புரிந்தது. சித்தப்பா நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடவா என்று நீ கேட்டாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். நன்றாகவே சாப்பிடுகிறேன். இங்கே பாகற்காய்தான் ராஜா. கோயா என்பார்கள். நம் ஆச்சி புளி, வெல்லம் போட்டுக் கசப்பைக் கொல்லுவாள். இவர்கள் கசப்பைக் கும்பிட்டுச் சாப்பிடுகிறார்கள். மெல்லிசாக அரிந்து, முட்டையும் டோஃபுவும் சேர்த்துப் பிரட்டுவார்கள். பன்றிக்கறியும் போடுவது வழக்கம், எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். மஞ்சளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு டீ மாதிரி குடிக்கிறார்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிய கருப்பு வெல்லம் தெருவுக்குத் தெரு கிடைக்கும், வாயில் போட்டால் நம் ஊர்ச் சந்தை வாசனை. சோற்று அரிசிதான் குட்டையாக, பசையாக இருக்கும். நம் அரிசி மாதிரி நீள அரிசி தாய்லாந்திலிருந்து வருகிறது, ஆனால் அது பெரும்பாலும் அவாமோரி என்ற சாராயம் காய்ச்சப் போய்விடுகிறது. முதல் வருஷம் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

குளிர் என்று பயப்படாதே, பனி கிடையாது. ஜனவரியில் கடல்காற்று எலும்பைத் துளைக்கும், அவ்வளவுதான். கடையில் இப்போது வாரத்துக்கு நாலு நாள் வேலை, ஓய்வு நிறையக் கிடைக்கிறது. போன இரண்டு மாசம் அனுப்பியது கையில் குறைவாக வந்திருக்கும். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

போன வருஷம் சொன்னேனே, ஷுரியில் ஒரு பாட்டி வீட்டுப் பின்னறைக்கு மாறியிருக்கிறேன் என்று. ஓபா என்று கூப்பிடுகிறேன், இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 86 வயசு. அவர் வீடு தெருக்குத்தில் இருக்கிறது. நம் ஊரில் தெருக்குத்து வீட்டுக்கு முன்னால் பிள்ளையாரை வைப்போமே, இங்கே சுவர் ஓரம் எழுத்துப் பொறித்த ஒரு கல்லை நட்டு வைப்பார்கள், இஷிகாந்தோ என்று பெயர். குடிவந்த அன்றைக்கு அந்தக் கல்லைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் நிலைப்பட்டது.

அடுப்படியில் ஹினுகன் என்று அடுப்புச் சாமி இருக்கிறது. சந்திரக் கணக்குப்படி மாசம் ஒன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் தண்ணீர், உப்பு, ஊதுவத்தி வைத்து, வீட்டில் நடந்ததையெல்லாம் ஓபா அந்தச் சாமியிடம் ஒப்பிக்கிறார். என் விஷயமும் அதில் சேர்ந்துவிட்டது. 'இந்தியப் பிள்ளைக்கு இருமல் போகவில்லை' என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருமல் இப்போது இல்லை.

ஓபாவிடம் ஜப்பான்காரர் என்று சொன்னால் முகம் மாறிவிடும். 'நான் ஊச்சினாஞ்சு' என்பார், ஓகினாவாக்காரி என்று அர்த்தம். இது தனி ராஜ்யம் அக்கா. மூன்றாகக் கிடந்ததை 1429ல் ஷோ ஹாஷி என்ற ராஜா ஒன்றாக்கினார். ரியூக்யூ என்று பெயர். 1879 வரை 450 வருஷம் இருந்தது. இவர்கள் கப்பல் சீனா, கொரியா, சயாம், மலாக்கா என்று போய்வந்திருக்கிறது. அந்த மலாக்காவில் அப்போது நம் தமிழ் வியாபாரிகளும் கடை போட்டிருந்தார்கள். யாரோ ஒரு செட்டியாரும் யாரோ ஒரு ரியூக்யூக்காரரும் துணிக்கு விலை பேசியிருப்பார்கள் என்று ஓபாவிடம் சொன்னேன். 'அப்படியானால் நீ தாமதமாக வந்திருக்கிறாய்' என்றார். உலக நாடுகளுக்கெல்லாம் பாலமாக இருக்கிறோம் என்று 1458ல் ஒரு மணியில் எழுதி அரண்மனையில் தொங்கவிட்டார்கள். அந்த மணி இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நான் பார்த்தேன்.

ஷோ ஷின் என்ற ராஜா 1477லிருந்து 1526 வரை ஆண்டார். ஊர் ஊராகக் கோட்டை கட்டிக்கொண்டு இருந்த குறுநில அதிபர்களை, ஆஜி என்பார்கள், குடும்பத்தோடு தலைநகரான ஷுரிக்கு வரச் சொல்லிவிட்டார். ஆயுதங்களைச் சேர்த்து அரசாங்கக் கிடங்கில் வைத்தார். யார் எந்த மட்டம் என்பதைத் தலைப்பாகையின் நிறத்திலும் கொண்டை ஊசியிலும் காட்டும்படி செய்தார். மேல்மட்டத்துக்குப் பொன் ஊசி, அரசாங்க உத்தியோகத்துக்கு உரிய சாமுரே குடும்பங்களுக்கு வெள்ளி, குடியானவர்களுக்குப் பித்தளை. ராஜாவுக்குக் கீழே இளவரசர்கள், ஆஜிகள், அப்புறம் ஊயேகாதா, பேச்சின் என்ற அதிகாரிப் பட்டங்கள் என்று படிப்படியாக இறங்கும். நிர்வாகத்தை நடத்தியது சான்ஷிகான் என்ற மூன்று மந்திரிகள்.

1609ல் சத்சுமா என்ற ஜப்பானியப் பகுதியை ஆண்ட பிரபுவின் படை வந்து ராஜாவையே பிடித்துக்கொண்டு போனது. இரண்டு வருஷம் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு சீனாவுக்கும் காணிக்கை, சத்சுமாவுக்கும் கப்பம். நடுவில் நின்று இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார்கள். சீனத் தூதர்கள் வந்தால் சத்சுமாக்காரர்கள் ஒளிந்துகொள்வார்கள். தூதருக்கு விருந்து, பாட்டு, ஆட்டம். குமிஓதோரி என்ற நாட்டியக் கூத்தே அப்படிப் பிறந்ததுதான், 1719ல் தூதர்கள் முன்னால் முதலில் ஆடினார்கள். எழுதியவர் அரண்மனை அதிகாரி தாமாகுசுகு சோகுன். வாளை வைத்துக்கொண்டு மிரட்ட முடியாத நாடு, சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவனைத்தான் அதிகாரியாக மதித்திருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஓபா குடும்பம் சாமுரே குடும்பம். பெரிய இடம் என்று நினைத்துவிடாதே, கடைசி மட்டம். 1689ல் வம்சாவளி பார்க்க அரசாங்கம் ஒரு தனி இலாகாவே வைத்தது. சாமுரே வீடென்றால் கேய்சு என்ற வம்சாவளி ஏடு இருக்க வேண்டும். ஒரு பிரதி இலாகாவில், ஒரு பிரதி வீட்டில். ஏடு இருக்கிறவன் சாமுரே, இல்லாதவன் குடியானவன். ஆனால் ஏடு இருந்தவர்களுக்கெல்லாம் உத்தியோகம் இல்லை. சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்கில் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்து, பதவி எப்போது வரும் என்று காத்துக் கிடந்திருக்கிறார்கள். முடியாதவர்கள் ஷுரியை விட்டு வயற்காட்டுக்குப் போய்க் குடிசை போட்டு உழுதிருக்கிறார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு யாதுய் என்று பெயர். உழுதாலும் கொண்டையில் வெள்ளி ஊசி. ஓபாவின் பாட்டனார் கூட்டம் அப்படித்தான். அவர் இதைச் சொல்லும்போது நம் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டாமல் வரப்பில் நடந்தது கண்முன் வந்தது.

1879ல் தோக்கியோவிலிருந்து சிப்பாய்களும் போலீசும் வந்து அரண்மனையைக் காலி பண்ணச் சொன்னார்கள். கடைசி ராஜா ஷோ தாயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய் மார்க்விஸ் பட்டம் கொடுத்து உட்கார வைத்தார்கள். 1901ல் அங்கேயே இறந்தார். உடலைக் கொண்டுவந்து ஷுரியில் தமாஊதுன் என்ற ராஜ சமாதியில் வைத்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசிய பிள்ளைகள் கழுத்தில் மரத்தகடு மாட்டினார்கள். ஓபாவின் அண்ணன் கழுத்தில் அது தொங்கியிருக்கிறது.

1945 போரில் ஓபாவுக்கு ஆறு வயசு. மூன்று மாசத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அரண்மனைக்கு அடியில் ஜப்பான் படை சுரங்கம் வெட்டி உட்கார்ந்திருந்ததால் ஷுரியையே அமெரிக்கப் படை தரைமட்டமாக அடித்தது. இலாகாப் பிரதியும் போயிற்று, வீட்டுப் பிரதியும் போயிற்று. ராஜ குடும்பம் தோக்கியோவுக்குக் கொண்டுபோன சாமான்கள் மட்டும் பிழைத்து, இன்றைக்கு நாஹா அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கின்றன. ஊரில் இருந்தது எரிந்தது, ஊரை விட்டுப் போனது மிஞ்சியது. ஓபா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

போருக்குப் பிறகு அவர் பின்கதா என்ற சாயத்துணிப் பட்டறையில் வேலைக்குப் போனார். அரண்மனைக்காரர்கள் உடுத்திய துணி அது. சாயத்துக்கு அச்சு வெட்டக் காகிதம் கிடையாது, அமெரிக்கப் படை தூக்கியெறிந்த வரைபடத் தாளில் வெட்டினார்களாம். அரிசிப் பசை பிதுக்கும் பையின் முனைக்குத் துப்பாக்கித் தோட்டாவின் உறையைப் பொருத்தினார்களாம். 1992ல் அரண்மனையைத் திரும்பக் கட்டினார்கள். 2019 அக்டோபர் 31, விடியலுக்கு முன் மறுபடி எரிந்தது. மாடி ஜன்னலிலிருந்து விடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த வருஷம் எரிந்த ஓட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க ஊர் ஜனம் போனபோது இவரும் கூடப் போயிருக்கிறார். 2026 இலையுதிர் காலத்துக்குள் முடித்துவிட வேலை நடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீமீ. குடும்பக் கல்லறைக்குப் போய் முன்னோருக்குப் படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் நாள். ஆமை ஓடு மாதிரி கவிழ்ந்த பெரிய கல்லறை, முன்னால் முற்றம். பாய் விரித்து, அடுக்குப் பெட்டியில் பொரித்த டோஃபு, கடற்பாசி முடிச்சு, பன்றிக்கறி, சோற்றுக்கட்டி எல்லாம் வரிசையாக வைத்தார்கள். காகிதக் காசை எரித்தார்கள், மேலே இருப்பவர்கள் செலவுக்கு. என்னையும் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் நாம் படைத்துவிட்டு வருவோமே, எனக்கு அதே ஞாபகம்.

ஓபா அன்றைக்குத் தலையில் ஜீஃபா குத்தியிருந்தார். அவர் அம்மாவுடைய வெள்ளி ஊசி. நுனி சின்னக் கரண்டி மாதிரி, கழுத்து மெலிந்து, தண்டு ஆறு பட்டையாக இருக்கும். கழற்றி என் கையில் வைத்தார். விரல் நீளத்துக்கு மேல் இருக்கும், கனம் அதிகம் இல்லை, பட்டைகள் தேய்ந்து வழவழவென்று. போரில் குகைக்குள் மறைந்திருந்தபோது அவர் அம்மா அதை இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தாராம். பட்டினி கிடந்த நாளிலும் விற்கவில்லை. 'ஏடு எரிந்துவிட்டது, இதுதான் எங்கள் கேய்சு' என்றார்.

அக்கா, அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு உன் வளையல்தான் ஞாபகம் வந்தது. என் ஏஜெண்டு பணத்துக்காக நீ அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்தாயே, சோப்புப் போட்டு வழித்து எடுத்தபோது மணிக்கட்டு சிவந்து போனது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அங்கே கல்லறை முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓபா மட்டும், 'அக்காவா?' என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அப்போதுதான் ஓனாரிகாமி என்பதைச் சொன்னார். கூடப் பிறந்தவளே தம்பிக்கும் அண்ணனுக்கும் காவல் தெய்வம் என்று அர்த்தம். கடலுக்குப் போகிறவன் அவள் நெய்த திசாஜி என்ற துண்டையோ அவள் தலைமுடியையோ எடுத்துக்கொண்டுதான் கப்பல் ஏறுவான். ராஜாவுக்கும் அதே முறைதான். ஷோ ஷின் தன் தங்கையைத்தான் கிகோஎ ஓகிமி என்று நாட்டுக்கே தலைமைப் பூசாரியாக்கினார். ஊர்ப் பூசாரிகளான நோரோப் பெண்கள் எல்லோரும் அவளுக்குக் கீழே. செஃபா ஊதாகி என்ற காட்டுக் கோயிலில், ஆண் வாடையே படாத இடத்தில், பட்டம் கட்டுவார்கள். அண்ணன் ஆள்வான், தங்கை காப்பாள், இரண்டும் சேர்ந்தால்தான் ராஜ்யம். பிற்பாடு 1600களில் வந்த மந்திரிகள் அவள் இடத்தை ராணிக்குக் கீழே இறக்கினார்கள். 'அதிலிருந்துதான் சரிவு' என்கிறார் ஓபா.

நீ விமான நிலையத்தில் பழைய சேலைக் கிழிசலில் திருநீறு முடிந்து கொடுத்தாயே, அது என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. ஓபாவிடம் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 'சித்தப்பா விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார், வீடு உனக்குத்தானே வரப்போகிறது, கையெழுத்துப் போட்டுவிடவா' என்று கேட்டிருந்தாய். போடாதே அக்கா. வீடு எனக்கு வரட்டும், உனக்கும் வரட்டும். சட்டப்படியும் உனக்குச் சரிபங்கு இருக்கிறது. உன் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் நான் விளக்கேற்ற மாட்டேன். சித்தப்பா கோபித்தால் தம்பி ஒப்பவில்லை என்று சொல், பழி என் மேல் வரட்டும். இங்கேயும் முன்னோர் பெயர் எழுதிய பூசைப் பலகை மூத்த மகனுக்குத்தான் போகும் என்று வழக்கம். ஓபாவுக்கு மகன் இல்லை, அதை எடுத்துக்கொள்ள அண்ணன் மகன்கள் இப்போதே முறைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலை நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. தாத்தாவின் பத்திரக் கட்டு தகரப் பெட்டியில் மச்சில்தானே இருக்கிறது? ஓடு ஒழுகும் மூலை அது. கீழே இறக்கி, ஒவ்வொரு தாளையும் வெயிலில் காட்டி, பெரியவனை விட்டுப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். மூலம் உன்னிடம் இருக்கட்டும், நகல் இங்கே இருக்கட்டும்.

சின்னவளுக்கு ஆவணியில் காதுகுத்து என்று எழுதியிருந்தாய். இங்கே மோஆய் என்று நம் சீட்டு மாதிரியே ஒன்று இருக்கிறது. ஓபா தெருவில் பத்துப் பேர் மாசா மாசம் போட்டு ஒருவர் எடுப்போம், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜூலையில் என் முறை. எடுத்ததும் முதலில் உன் வளையல், அப்புறம் தோடு. வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மறைக்காமல் எழுது. தோடு கால் பவுனில் போதுமா, அரையாக எடுக்கவா?

மாமன் மடியில் உட்கார்த்தித்தானே குத்த வேண்டும். ஆவணியில் எனக்கு லீவு கிடைக்காது. தை வரை தள்ளிப்போட அத்தான் சம்மதிப்பாரா? மூன்று வயசு தாண்டாமல் தைக்குள் வந்துவிடுவேன். வேறு யார் மடியிலும் வைத்துவிடாதே அக்கா. அத்தானிடம் நீயே பேசு, நான் கேட்டால் கோபித்துக்கொள்வார்.

அம்மாவின் கண் மருந்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கருவேப்பிலைக் கன்று புயலில் போய்விட்டது, விதை கிடைத்தால் அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பாதே, இங்கே சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பொடியாக இடித்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: பெட்டியைத் திறக்கும்போது அடியில் கரையான் இருக்கிறதா பார். இருந்தால் வேப்பெண்ணெய் தடவி, நாலு செங்கல் மேல் தூக்கி வை.