சுவாமிக்கு முன்னால் சிங்கக் கதிரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் தென்பக்கத்தில் உள்ள ஓர் அம்மன் கோயிலில் போன மாதம் நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, சங்கத்தின் ஆண்டுவிழா என்று எங்கே போனாலும் இப்போது அதே சிங்கக் கதிரைதான் வந்து நிற்கிறது. ஒரு கோயிலை மட்டும் இழுத்துவைத்துக் குறை சொல்வது நியாயம் இல்லை.

அன்று அம்மன் சிங்க வாகனத்தில் எழுந்தருளும் இரவு. ஏழு மணிக்கெல்லாம் வசந்த மண்டபப் பூசை முடிந்துவிட்டது. வாகனம் தூக்கும் பிள்ளைகள் வேட்டியை இறுக்கிக் கட்டி, தோளில் துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பிரதம அதிதி வரவில்லை. அதனால் அம்மனும் புறப்படவில்லை. ஐம்பது நிமிடம். நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை இழுத்து இழுத்துக் களைத்துப்போனார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் பின்வாசலால் ஒரு கதிரையைத் தூக்கி வந்து, சரியாக அம்மனுக்கு எதிரே போட்டார்கள். தங்கப் பூச்சு, சிவப்பு வெல்வெட், கை வைக்கும் இடத்தில் இரண்டு சிங்கத் தலை. இடப்பக்கச் சிங்கத்தின் காது உடைந்து உள்ளே வெள்ளைச் சாந்து தெரிந்தது. அறுபது எழுபது வயது ஆட்கள் தூணில் சாய்ந்து நிற்க, அந்தக் கதிரை மட்டும் ஃபானுக்கு முன்னால் வெறுமையாக இருந்தது.

வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாவம், அவருக்கே அதில் இருக்கக் கூச்சம், நுனியில்தான் இருந்தார். பொன்னாடை, மாலை, படம் எல்லாம் முறைப்படி நடந்தன. அப்போது ஒரு பெண், பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போகப் பார்த்தார். தொண்டர்கள் கையை நீட்டி மறித்து, "பிறகு அம்மா, பிறகு" என்றார்கள். அம்மன் வெளிவீதி சுற்றி வருவதற்குள் அதிதி போய்விட்டார். அந்த ஃபைலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஃபைலை அணைத்துப் பிடிக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் 31 வருடம் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சிக்கூண்டுக்கும் நீதிபதியின் ஆசனத்துக்கும் நடுவில் நின்றே என் காலம் போனது. அந்த ஆசனத்துக்கு மேலே சுவரில் அரச இலச்சினை, அதற்குள் வாளேந்திய சிங்கம். கீழே நீதிபதி இருந்தது சாதாரண மரக் கதிரைதான். மலைநாட்டில் வேலைபார்த்த காலத்தில் ஒருநாள் ஒரு தோட்டத்து மூதாட்டி சாட்சி சொல்ல வந்தார். நிற்க முடியாமல் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். நீதிபதி என்னைப் பார்த்துச் சிங்களத்தில், "அம்மாவுக்கு ஒரு கதிரை கொடுக்கச் சொல்லுங்கள். அவசரம் இல்லை, முதலில் இருந்து சொல்லட்டும்" என்றார். வேறு கதிரை இல்லாததால் லிகிதரின் கதிரையை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் மத்தியானம் வரை நின்றுகொண்டே எழுதினார். மூதாட்டி ஒரு மணித்தியாலம் பேசினார். நான் ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்துச் சொன்னேன்.

கதிரை என்ற நம்முடைய சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். இந்தியத் தமிழர் நாற்காலி என்பார்கள். நாம் விடாமல் கதிரை என்கிறோம். அரியணை என்ற சொல்லில் சிங்கமே இருக்கிறது: அரி என்றால் சிங்கம், அணை என்றால் இருக்கை. சிங்கம் நமக்கு அந்நியம் இல்லை. என் வகுப்பில் பெயர் 'சிங்கம்' என்று முடிகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் தெருநாய்க்குப் பயந்தவர்கள்.

கோயில் விழா முடிந்த மறுவாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலைக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. கண்டி மன்னர்களின் சிம்மாசனத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்பப்பா, கோயில் கதிரைதான் இதைவிடப் பெரிசு" என்றாள். மரத்தின் மேல் பொற்தகடு போர்த்திய சிம்மாசனம் அது. கைப்பிடிகளில் இரண்டு சிங்கம், கண்களுக்குச் செவ்வந்திக்கல், முதுகின் உச்சியில் சூரியன். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு. அதாவது, கரையோரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் மலையில் இருந்த மன்னனைக் குளிர்விக்கச் செய்த காரியம். அந்தச் சிங்கங்கள் இந்த மண்ணின் பெருமை என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

1739இல் இருந்து அதில் அமர்ந்தவர்கள் மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த நாயக்க வம்சத்தார் நான்கு பேர். நான்கு பேரும் பட்டம் சூடும்போது ராஜசிங்கன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்; சின்ன வயதில் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். சிம்மாசனம் வேறு பக்கம் கப்பலேறி இங்கிலாந்தில் வின்சர் கோட்டைக்குப் போனது. 1934இல் குளொஸ்டர் கோமகன் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். 119 வருடம் அந்தச் செவ்வந்திக்கல் கண்கள் அந்நிய அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதைச் சொன்னபோது பேத்தி, "அப்ப ராஜாவைத் திருப்பித் தரவில்லையா?" என்று கேட்டாள். இல்லை, பிள்ளை.

அதே நூதனசாலையில் பொலன்னறுவையில் இருந்து வந்த, நிசங்கமல்லன் என்ற மன்னனின் கல் சிங்கம் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவனுடைய ஆசனத்தைத் தாங்கியது. எனக்குச் சிங்கத்தைவிட அவனுடைய சபா மண்டபத்தின் தூண்களில்தான் ஆசை. பொலன்னறுவையில் இன்றும் பார்க்கலாம். யுவராஜா எங்கே, படைத்தலைவர்கள் எங்கே, ஏடு எழுதுகிறவர்கள் எங்கே, வணிகர் எங்கே என்று ஒவ்வொரு தூணிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா தனியாக ஏறி இருந்து மாலை வாங்கிக்கொள்வதற்குக் கட்டிய இடமாக அது தெரியவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு தூண் ஒதுக்கியிருப்பதைப் பார்த்து, என் தொழில் புத்தி, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தமிழ் மன்னன் எல்லாளன் எந்தக் கதிரையில் இருந்தான் என்று யாராவது கேட்டதுண்டா? பௌத்த பிக்கு ஒருவர் எழுதிய மகாவம்சம் அவன் கட்டிலைப் பற்றித்தான் சொல்கிறது. தலைமாட்டில் ஒரு மணி, அதில் நீளமான கயிறு. நியாயம் கேட்டு வருகிறவர் யாரும் இழுக்கலாம். மகனின் தேர்ச் சக்கரம் கன்றைக் கொன்றதும் பசு வந்து இழுத்தது, மகனை அதே சக்கரத்துக்குக் கொடுத்தான். இந்தக் கதையைத் திருவாரூரில் வைத்து மனுநீதிச் சோழன் என்று நாம் சொல்கிறோம், சரி. ஆனால் இன்னொரு கதையை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. ஒருநாள் அவனுடைய தேரின் நுகம் ஒரு தாதுகோபத்தில், அதாவது பௌத்த தூபியில், இடித்துவிட்டது. உடனே இறங்கித் தெருவில் படுத்து, இந்தச் சக்கரத்தாலேயே என் தலையை அறுங்கள் என்றான். மந்திரிமார் தடுத்து, திருத்திக் கொடுத்தால் போதும் என்றார்கள். பெயர்ந்தது 15 கல். அதற்கு அவன் செலவழித்தது 15,000 காசு. அவன் பௌத்தன் ஆகாமலே இருந்தான் என்பதையும் சொல்லிக்கொண்டேதான் அந்தப் பிக்கு இதை எழுதி வைத்தார். 44 வருடம் அநுராதபுரத்தில் அரசாண்டவனின் சிம்மாசனத்தைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, கயிற்றை மட்டும் சிங்களவரும் மறக்கவில்லை, தமிழரும் மறக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் கிறிஸ்தவ நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் பைபிளில் வரும் சாலொமோன் ராஜாவை இழுத்தார். யானைத் தந்தத்தில் செய்து பொன் தகடு மூடிய சிங்காசனம், ஆறு படி, படிகளில் 12 சிங்கம், கைப்பக்கத்தில் இரண்டு. "ஆனால் பாருங்கள்" என்றார், "பிள்ளைக்காக அடித்துக்கொண்ட இரண்டு விலைமாதரின் வழக்கு மூன்றாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. சிங்காசனம் செய்தது பத்தாம் அதிகாரத்தில்." நல்ல வழக்கறிஞராக வந்திருக்க வேண்டியவர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றார்.

நான் இருப்பது தெஹிவளையில், மிருகக்காட்சிசாலைக்குக் கிட்ட. விடியப்புறத்தில் சிங்கங்கள் உறுமினால் எங்கள் யன்னலில் கேட்கும். அவையும் வெளியில் இருந்து வந்தவைதான். இந்த மண்ணின் சொந்தச் சிங்கம் எழுத்தும் அரசும் தோன்றுவதற்கு எவ்வளவோ முன்னரே அழிந்துவிட்டது. குருவிட்டைப் பக்கம் தோண்டும்போது கிடைத்த இரண்டு பல்லை வைத்துத்தான் 1939இல் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல அதற்குப் பெயரிட்டார். ஆக, கொடியிலும் காசிலும் படிக்கல்லிலும் நாம் செதுக்கிய சிங்கங்கள் எல்லாம், செதுக்கியவன் காட்டில் கண்டிராத சிங்கங்கள்.

2018 நவம்பர் 16ஆம் திகதி பாராளுமன்றத்தில் சபாநாயகரின் ஆசனத்தைச் சிலர் சூழ்ந்து நிற்க, ஒருவர் அதில் ஏறியே இருந்துவிட்டார். மிளகாய்த்தூள் பறந்தது, கதிரைகள் பறந்தன. சபாநாயகர் பொலிஸார் புடைசூழ வேறிடத்தில் இருந்து சபையை நடத்தினார். ஆசனத்தில் ஏறி இருந்தவரை அன்று யாரும் சபாநாயகர் என்று கூப்பிடவில்லை. டிசம்பர் 13இல் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஏழு பேரும் ஒருமனதாக, ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பிறகும் மனம் கேட்காமல் அன்று நான் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைத் தெருவில் போய் நின்றேன்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். அம்மன் சிங்கத்தின் மேல் வருகிறாள். அவளுக்கு எதிரே இன்னொரு சிங்க ஆசனம் போட்டு மனிதரை இருத்துவது ஆகமத்துக்குச் சரியா என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. கண்ணுக்குச் சரியாக இல்லை, அவ்வளவுதான். அதிதியை அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் போடும் அதே பிளாஸ்டிக் கதிரையில் இருத்துங்கள். நேரத்துக்கு வராவிட்டால் அம்மனைப் புறப்பட விடுங்கள். ஃபைலோடு வருகிறவரை ஐந்து நிமிடம் பேச விடுங்கள்.

இதையெல்லாம் தர்மகர்த்தா சபையிடம் நேரிலும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், தேத்தண்ணீர் தந்தார்கள். "ஐயா, அந்தக் கதிரைக்கு நாங்கள் தனியாகக் காசு கொடுப்பதில்லை, பந்தலோடு சேர்ந்து வருகிறது" என்றார் ஒருவர். திரும்பி வரும் வழியில் பந்தல்காரரின் கடைக்குள் நுழைந்து விசாரித்தேன். சிங்கம் இல்லாமல் அனுப்பினாலும் அதே வாடகைதானாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
தெஹிவளை.