பனிச்சறுக்குக்குப் பெரிய ஊர்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம். சுற்றுலாப் பக்கத்தில் பனிச்சறுக்கு பற்றி வந்த கட்டுரை சரிதான், ஆனால் சுவிட்சர்லாந்து என்றாலே பெரிய ஊர், பெரிய ஓட்டல் என்றே ஏன் எழுதுகிறீர்கள்? ராயபுரத்தில் ராத்திரி பகலாகக் கன்டெய்னர் லாரி ஹாரனைக் கேட்கிற எங்களுக்கு, அவ்வளவு செலவழித்துப் போவதே அமைதிக்குத்தானே!

அங்கே மியூரன் என்று ஒரு மலைக்கிராமம், 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் காரில் போக முடியாது; கீழே பள்ளத்தாக்கில் உள்ள லாட்டர்புருன்னன் என்ற ஊரிலிருந்து ரோப் கார், அப்புறம் ஒரு சின்ன ரயில். மர வீடுகள், எதிரே ஐகர் சிகரம். 1931-இல் ஆல்பைன், அதாவது மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் வகையின் முதல் உலகப் பனிச்சறுக்குப் போட்டியே அங்கேதான் நடந்தது.

பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை, கூட்டமும் வாடகையும் எகிறும். பொங்கல் லீவை ஒட்டிப் போனால் நமக்கும் வசதி. சுவிட்சர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதில் பனிச்சறுக்கு விபத்து சேருமா என்று பாலிசியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. பூட்ஸும் பலகையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைவீதியான எம்.சி. ரோட்டில் வாங்குகிற கம்பளிக் கையுறை வேண்டாம், நாலு தடவை விழுந்து எழுந்தால் ஊறி, விரல் மரத்துப்போகும். தண்ணீர் புகாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த கட்டுரையில் எழுதுங்கள், ஓட்டல் படங்கள் இரண்டு குறைந்தால் பரவாயில்லை.

- ஒரு வாசகர், ராயபுரம், சென்னை