செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: போகும் காற்றும் திரும்பும் காற்றும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, தாய்மார்களே, தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு நம் சங்கத்துக் குடும்பம் எதுவும் கடலில் ஆளை இழக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. கார்த்திகை மாதக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. சந்தா, கல்வி உதவி, வலைக்கூட வாடகை ஆகியவற்றின் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஏலக்கூடத்துக் கூரை மாற்றியாகிவிட்டது. உழைத்த இளைஞர்களுக்கு நன்றி.

சரி, இந்த ஆண்டு நம் சங்கம் அதிகம் பேசியதும், சண்டை போட்டதும், கடைசியில் ஒன்றுகூடி முடிவெடுத்ததும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். நம் சிறு படகான வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளலாமா வேண்டாமா என்பதை யார், எதை வைத்து, எப்போது தீர்மானிப்பது என்பதே அது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆடி மாதம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அந்த வள்ளத்தில் இருந்த மூன்று பேரில் நானும் ஒருவன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக அடித்த வாரம் அது. நம் இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே, தென்கடல் பக்கம் யாருமே இறங்கவில்லை. மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் நம் பெரியவர்கள் சொல்லிவந்ததை நம்பித்தானே நாம் வளர்ந்தோம். தெற்கே இறங்க முடியாவிட்டால் வடகடலான பாக் விரிகுடா இருக்கிறது என்று இறங்கினோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கரையோரத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான்கு கடல் மைல் போனதும் இன்ஜின் நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. தீவின் மறைவைத் தாண்டிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. முதுகுப்பக்கம் இருந்த கச்சான் எங்களை வடகிழக்கே, இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. நங்கூரம் போட்டோம். கயிறு நீளம் பற்றாமல் அது தரையைப் பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. கைபேசியில் சிக்னல் இருந்ததால்தான் இன்று இதை வாசிக்கிறேன். நம் உறுப்பினர் இருவரின் வள்ளம் வந்து கட்டி இழுத்தது. போகும்போது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக எடுத்த தூரத்தை எதிர்க்காற்றில் திரும்பி வர உச்சி வெயில் ஆகிவிட்டது. வழி முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்தோம்.

அன்று நாங்கள் வானிலை பார்க்காமல் போகவில்லை. பார்த்தோம். ஆனால் புறப்படும் நேரத்துக் காற்றை மட்டும் பார்த்தோம். திரும்பும்போது காற்று எந்தப் பக்கம் இருக்கும், எவ்வளவு இருக்கும் என்ற கேள்வியை மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

மறைவில் கிடக்கும் கடல்தான் ஏமாற்றும். கச்சான் காலத்தில் தீவுக்கு வடக்கேயும், வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலத்தில் தீவுக்குத் தெற்கேயும் கரையோரம் அலை எழாது. காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை எழும்ப இடமில்லை, அவ்வளவுதான். தூரம் போகப் போக அதே காற்று அலையைக் கட்டி எழுப்பும். இன்ஜின் நின்றால் படகு கரைக்கு வராது, வெளியே போகும். காற்று நேரே அடிக்கும் தீவின் மறுகரையில் அலை முகத்தில் அறைவதால் பயந்துபோய் ஒருவரும் இறங்குவதில்லை, அதனால் தப்பிக்கிறோம். மறைவுப் பக்கம் பயம் வருவதற்குள் நான்கு மைல் போய்விடுகிறோம். அப்புறம் வடகடலின் ஆழமின்மையும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் ஏழு பாகத்துக்குள் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) அடங்கும் தண்ணீர் அது. காற்று ஏறினால் அலை நாலைந்து விநாடிக்கு ஒன்றாக, குட்டையாக, செங்குத்தாக அடுத்தடுத்து விழும். இருபது அடி வள்ளம் ஒரு அலையிலிருந்து எழுவதற்குள் முன்பக்கமான அணியத்தில் அடுத்தது ஏறிவிடும். பெண் கடல் என்ற பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணி முதல் ஏலக்கூடத்துச் சுவரில் காற்றுப் பலகை எழுதத் தொடங்கினோம். அதிகாலை மூன்று மணிக்கு முறைக்காரர் இருவர் வந்து எழுதுகிறார்கள். சென்னை மண்டல வானிலை மையம் மீனவர்களுக்குத் தந்த எச்சரிக்கை முதல் கட்டத்தில். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியக் கடல்சார் தகவல் நிறுவனம் சொல்லும் அலை உயரமும் அலை இடைவெளியும் அடுத்த கட்டத்தில். கரையில் நின்று கண்ணால் பார்த்த காற்றும், நீவாடு என்னும் நீரோட்டமும் மூன்றாவது. நான்காவது கட்டம் காலையில் காலியாக இருக்கும். திரும்பி வந்தவர் சொன்னதை அதில் எழுத வேண்டும். முதல் மூன்று கட்டங்களைவிட எனக்கு இந்த நான்காவதுதான் பெரிது. கணித்தது என்ன, நடந்தது என்ன என்று ஒரே வரியில் பார்த்துப் பழகினால்தான் நம் கடலுக்கு எந்தக் கணிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

அந்தக் கட்டத்தை முதல் ஒரு மாதம் யாரும் நிரப்பவில்லை. களைத்து வருபவர்கள் வலையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏலத்துக்கு வரும் நம் வீட்டுப் பெண்கள்தான் வந்தவர்களை நிறுத்திக் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். "பத்து மணிக்கு மேல் கச்சான் ஏறிவிட்டது", "கால்வாய் வாயில் குத்தலை" என்று அவர்கள் எழுதிவைத்த வரிகள் இன்று ஒரு நோட்டு முழுக்க இருக்கின்றன. சங்கத்தின் சார்பில் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

நோட்டிலிருந்து நமக்குப் புரிந்த சிலவற்றைச் சொல்ல வேண்டும். கச்சான் காலத்தில் விடியலில் மட்டுப்பட்ட காற்று, வெயில் ஏறியதும் கடற்காற்றோடு சேர்ந்து கூடுகிறது. ஆகவே காலை எட்டு மணிக்குள் திரும்பும் பாடுக்கும் (மீன்பிடிப் பயணத்துக்கும்), நண்பகல் வரை இழுக்கும் பாடுக்கும் ஒரே முடிவை எடுக்க முடியாது. பாம்பன் கால்வாயில் காற்று ஒரு பக்கமும் நீவாடு எதிர்ப்பக்கமும் ஓடினால், வெளியே சாதாரணமாக இருக்கும் அலைகூட அங்கே நெருக்கியடித்து நிமிர்ந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் கடுமை. பாலத் தூண்களைச் சுற்றி நுரை சுழல்வதைப் பார்த்தாலே நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று தெரிந்துவிடும். வானிலைச் செயலியில் இது வராது. செயலி காட்டும் எண் பரந்த கடலுக்கான சராசரி. நம் தீவின் மறைவும் கால்வாயின் இடுக்கும் அதற்குள் அடங்காது.

எச்சரிக்கை வாசகத்தை எப்படிப் படிப்பது என்பதற்குப் புரட்டாசியில் ஒரு மாலை முழுக்கச் செலவிட்டோம். "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வரும்போது நம்மில் பலர் முதல் எண்ணை மட்டும் காதில் வாங்குகிறோம். வள்ளத்தைக் கவிழ்ப்பது கடைசி எண். காற்றின் தள்ளுவிசை வேகத்தைப் போலச் சீராக ஏறாது. 35 கிலோமீட்டர் காற்று 50 ஆனால் விசை இரண்டு மடங்காகிவிடும். அலை உயரத்திலும் இதே தப்பு நடக்கிறது. 2 மீட்டர் என்று அறிவித்தால் எந்த அலையும் 2 மீட்டரைத் தாண்டாது என்று பொருளில்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி அது. இடையில் ஒன்று ஏறக்குறைய இரட்டை உயரத்திலும் வரும். சிறு படகுகள் கவிழும் அபாயத்தை முன்கூட்டியே சொல்லும் சேவை ஒன்றை இன்காய்ஸ் 2020 முதல் தருகிறது. படகு உரிமையாளர்களான நம் சம்மாட்டிகளில் அதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்தாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மே மாதத்தை மறக்க முடியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. காற்று இல்லாமலும் கடல் எழும் என்பதை நம் இளைஞர்கள் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். தெற்கே வெகு தொலைவில் பெருங்காற்றில் பிறந்த அலை நாள்கணக்கில் பயணம் செய்து வருகிறது. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 15 விநாடிக்கு மேல்கூட ஆகும். நடுக்கடலில் அது படகை மெல்லத் தூக்கி இறக்கும், அவ்வளவே தெரியும். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உடையும். தென்னை ஓலை அசையாத காலையிலும் கடலடிப் பாறைத்திட்டான பார் மேலும் கரை வாயிலும் படகைப் புரட்டிப்போடும். அதனால்தான் பலகையில் அலை உயரத்தோடு இடைவெளியையும் எழுதச் சொல்கிறோம். அந்த எண் பெரிதாக இருந்தால், கரையில் நின்று ஐந்தாறு நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தள்ள வேண்டும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு மட்டும்தான். அந்த நாட்களில் கடல் நமக்கே என்று மகிழ்ந்து கூடுதல் தூரம் போகிறோம். விசைப்படகு இல்லாத கடலில் இன்ஜின் நின்றால் இழுத்து வர அருகில் பெரிய படகும் இருக்காது. இந்த ஆண்டு தடைக்காலத்தில் இரண்டு வள்ளமாகச் சேர்ந்து போவது என்ற வழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 41 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டியதை நாம் எல்லோரும் நனைந்தே பார்த்தோம். பாதி நாளில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வள்ளமும் அன்று இறங்கியிருக்கவில்லை என்பது நம் நல்ல காலம். அதற்கு அடுத்த வாரம் ஃபெங்கல் புயல். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று 28ஆம் தேதி சொன்னார்கள். 29ஆம் தேதி அது புயலாகி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. "புயல் இல்லையாம், போகலாமா?" என்று 28ஆம் தேதி ஏலக்கூடத்தில் கேட்ட தம்பிகளுக்கு அன்று சொன்னதையே இங்கும் பதிவு செய்கிறேன். புயல் என்ற பெயர் மணிக்கு 62 கிலோமீட்டரில் தொடங்குகிறது. அதற்கு ஒரு படி கீழே உள்ள ஆழ்ந்த தாழ்வு மண்டலத்திலேயே காற்று 50 முதல் 61 வரை அடிக்கும். நம் வள்ளம் 40ஐத் தாங்காது. அதற்குப் பெயர் வைத்தார்களா இல்லையா என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டிலும் இதே போலத்தான். 1, 2 என்றால் எங்கோ தொலைவில், நமக்கில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். தொலைவில் பிறந்தது நெருங்கி வருவதற்குள் கரை சேரத்தான் அந்த எண்கள்.

டிசம்பர் 22 அன்று, தனுஷ்கோடி அழிந்த 60ஆம் ஆண்டு நினைவாகக் கரையில் விளக்கேற்றினோம். 1964 புயல் இரவைக் கண்ட மூத்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசியதைப் பிள்ளைகள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் பலகை பாதி நாள் எழுதப்படவில்லை. கடல் அமைதியாகிவிட்டது என்று முறைக்காரர்கள் விட்டுவிட்டார்கள். உயிர்காப்பு உடை பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. மார்கழியில் ஒரு தம்பி வாடை ஏறுவதைப் பார்த்துப் பாதி வழியில் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். கரையில் அவனைக் கேலி செய்தார்கள். அடுத்த வாரம் அதே காற்றில் அவன் திரும்பவில்லை, பிடிவாதமாக நின்று வலையை இழந்து வந்தான். திரும்பி வந்தவனைச் சிரிக்கும் கரையில் எந்தப் பலகையும் வேலை செய்யாது. போகாத நாளில் கூலியாட்களுக்குப் பங்கு இல்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டில் அரிசி இல்லாதவனிடம் காற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆகவே பொதுக்குழுவின் முடிவுக்கு இவற்றை வைக்கிறேன். இறங்க வேண்டாம் என்று பலகையில் சிவப்புக் கோடு போட்ட நாளில் இறங்காத வள்ளத்தின் கூலியாட்களுக்குச் சங்க நிதியிலிருந்து அன்றைய அரிசிக்காவது தர வேண்டும். தொகையைப் பொருளாளரோடு பேசி முடிவு செய்யலாம். ஒவ்வொரு வள்ளத்திலும் நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, அதாவது வடகடலுக்குக் குறைந்தது 35 பாகம் இருக்க வேண்டும். டீசலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கைத் தொடக்கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை எல்லாக் கைபேசியிலும் ஏற்றி, வள்ளத்தின் உட்புறத்திலும் வண்ணத்தால் எழுத வேண்டும். வள்ளம் தள்ளும் முன் அணியத்தில் நிற்பவர் "திரும்பக் காற்று எப்படி?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் பதில் சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும். பதில் தெரியவில்லை என்றால் பலகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வருகிற சித்திரை முதல் ஆவணி வரைக்கான பலகை முறைப்பட்டியல் ஏலக்கூடத்தில் ஒட்டப்பட்டுள்ளது. முதல் வாரம் என் முறை. பெயர் விடுபட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவும். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்