துவரையா உளுந்தா என்பதை அட்டைதாரர் முடிவு செய்யட்டும்

மதிப்பிற்குரிய உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் பொறுப்பில் உள்ளவர்களுக்கும், காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அரிசி அட்டைதாரர் ஒருவர் வணக்கத்துடன் எழுதுவது.

நியாய விலைக் கடையில் என்ன கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசி விலையில்லாமல் வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வருகின்றன. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கியபோது இவற்றோடு உளுத்தம் பருப்பும் இருந்தது என்பதும், பிற்பாடு அது நிறுத்தப்பட்டது என்பதும் தங்கள் கோப்புகளிலேயே இருக்கும். அந்த உளுந்தைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடுதலாக ஒரு கிலோ கேட்கவில்லை. இப்போது தருகிற அதே ஒரு கிலோ, அதே 30 ரூபாய். துவரையாக வேண்டுமா, உளுந்தாக வேண்டுமா என்பதை மட்டும் வாங்குகிறவரிடம் விட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தெருப் பெண். கணவர் இல்லை. கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவியும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளை முன்னோருக்கான படைப்புக்கும் திருவிழாவுக்கும் உரியவர்கள் வந்து சேருமுன் கூட்டித் துடைத்தும் பிழைக்கிறவர். அவருடைய மகள் அந்த வாரம்தான் பெரியவளாகியிருந்தாள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு இடுப்பு வலுக்க உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொள்வதில்லை. "இந்த மாசம் துவரம் பருப்பு வேண்டாம்ணே, அதுக்குப் பதிலா உளுந்து இருந்தாக் குடுங்க" என்று மட்டும் அவர் கேட்டார். "மெஷின்லயே உளுந்து இல்லை ஆத்தா, நான் எங்க போக?" என்றார் விற்பனையாளர். பட்டியலில் இல்லாத பொருளுக்கு அவர் எப்படிப் பில் போடுவார்? துவரம் பருப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் எதிரில் இருந்த மளிகைக் கடைக்குப் போய், கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற உளுந்தில் கால் கிலோவைப் பொட்டலமாக வாங்கினார். அது எத்தனை வேளைக் களிக்கு வந்திருக்கும்? விட்டுவிடாமல் பல நாள் கொடுக்க வேண்டிய பண்டம் அது.

களியை விடுங்கள், விலையில்லா அரிசியே பெரும்பாலான வீடுகளில் எங்கே போகிறது என்பது தாங்கள் அறியாததா? எங்கள் பக்கத்தில் அது இட்லிக்கும் தோசைக்கும்தான் ஊறுகிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது ஏறக்குறைய எல்லா வீட்டுக் கணக்கும். உளுந்து வாங்க வழியில்லாத வீட்டில் அந்த ஒரு பங்கு அரைப் பங்காகி, குறைந்ததை ஈடுகட்ட வெந்தயமும் பழைய சோறும் கிரைண்டரில் விழுகின்றன. மாவு எப்படியோ பொங்கிவிடுகிறது. ஆனால் பிள்ளையின் தட்டுக்கு வருகிற இட்லியில் இருக்க வேண்டிய பருப்பு இல்லை. நூறு கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இரத்தசோகையைக் குறைப்பதற்காக இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் சேர்த்து அரிசியைச் செறிவூட்டிக் கொடுக்கத் தொடங்கினீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே அக்கறையுடன், அந்த அரிசியோடு ஊற வேண்டிய உளுந்தையும் கொடுங்கள் என்கிறேன். டம்ளர் நிறையப் பச்சரிசி அளந்து அதன் தலையில் கோபுரமாக உளுந்தை வைத்து ஊறப்போடும் வெள்ளைப் பணியாரமும், வறுத்த உளுந்து மாவில் கருப்பட்டியும் நெய்யுமாகக் கிண்டும் கும்மாயமும் செட்டிநாட்டின் பெயர் சொல்லி ஊர் ஊராக விற்பனையாகின்றன. அவற்றுக்கு அரைத்துக் கொடுக்கும் பெண்களின் வீட்டில் உளுந்து எண்ணிப் போடும் பொருளாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று சொல்ல இடமில்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியங்களைப் பற்றித்தான் பேசுகிறது. பருப்பும் பாமாயிலும் மாநில அரசு தன் பணத்தில், தன் முடிவில் கொடுப்பவை. மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் புதிதில்லை. அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் கோதுமை வாங்கிக்கொள்ளலாம். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்தீர்கள். உளுந்து நம் மண்ணில் விளையாததா? டெல்டாவில் நெல் அறுவடையை ஒட்டி அதே வயலில் உளுந்து விதைக்கிறார்கள். எங்களை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமே இருக்கிறது. அங்கே உருவான வம்பன் 8, வம்பன் 11 ரகங்களை உழவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த விளைச்சலில் ஒரு பகுதியை வாணிபக் கழகம் நேரடியாகக் கொள்முதல் செய்தால் உழவருக்கும் விலை நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உளுந்து இல்லை என்று சொல்லப்பட்ட அதே பெண்ணின் பையில், கேட்காமலே ஒரு டீத்தூள் பாக்கெட்டும் சோப்பும் வைக்கப்பட்டு, அதற்கும் காசு வாங்கப்பட்டது. வற்புறுத்தி விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை போவதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். மேலிருந்து விற்பனை இலக்கு வருவதாகக் கடையில் சொல்கிறார்கள். எது உண்மையானாலும், பொட்டலம் உளுந்துக்குப் போக வேண்டிய காசு அங்கே பறிபோகிறது. ஏழையின் அடுப்படிக்கு எது வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்வது எந்த வகை நியாயம்?

கடுஞ்சொல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் இதுதான்: சட்டமன்றத்தில் வருகிற உணவுத் துறை மானியக் கோரிக்கையின்போது, மாதம் ஒரு கிலோ பருப்பைத் துவரையாகவோ உளுந்தாகவோ பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் இயலாதென்றால் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தொடங்கிப் பாருங்கள். அட்டையில் இல்லாத பொருளை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒவ்வொரு கடையின் விலைப் பலகையிலும் இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
காரைக்குடி வட்டத்துக் குடும்ப அட்டைதாரர்