இரட்டைப் பதிவாகும் கொழுந்துக் கணக்கும் தண்ணீர் இல்லாத காரியாலயமும்: ஒப்பந்த மீறல் பற்றிய புகார்

அனுப்புநர்: செயலாளர், சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர் சங்கம், ஹட்டன்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை முகாமையாளர், தலைமைக் காரியாலயம், கொழும்பு.

விடயம்: ஒப்பந்தத்தின் முதலாம், இரண்டாம் அட்டவணைகள் மீறப்படுதல்

ஐயா / அம்மணி,

எங்கள் உறுப்பினர்கள் கொடுக்கும் பச்சைக் கொழுந்தின் நிறையைத் தொழிற்சாலையின் கணக்குக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் சேவையையும், அதைப் பதியும் வேலைக்கு நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹட்டன் டவுனில் காரியாலய அறை தரும் பொறுப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். கட்டணம் பிந்தாமல் கட்டி வருகிறோம். தொலைபேசியில் முறையிட்டால் ‘டிக்கெட் போட்டாச்சு’, அதாவது முறைப்பாட்டைப் பதிந்தாயிற்று, என்கிறார்கள். ஒன்றும் திருந்தாமலே டிக்கெட் மூடப்பட்டதாக மின்னஞ்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

முதலில் கணக்கு. உறுப்பினர் ஒருவரின் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்) 18 கிலோ 400 கிராம் நிறுத்தது. அவர் கையில் இருக்கும் துண்டிலும் அதுதான். தொழிற்சாலைக் கணக்கில் 36 கிலோ 800 கிராம் என்று நிற்கிறது. பதிவைத் திறந்து பார்த்தால் ஒரே நிறுவை, ஒரே மெசேஜ் ஐடி (செய்தியின் அடையாள இலக்கம்), சில விநாடி இடைவெளியில் இரண்டு வரி. மழை பிடித்தால் இங்கே இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். பதில் வராவிட்டால் எங்கள் மென்பொருள் மறுபடி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். இரண்டும் ஒரே செய்தி என்று கண்டுகொள்ள வேண்டியது உங்கள் சேர்வர். கூடுதலாகப் போட்ட காசைத் தொழிற்சாலை அடுத்த மாதம் வெட்டுகிறது. உரத்துக்கென்று அந்தக் காசை நம்பியிருந்தவர் சங்க வாசலில் நின்று கள்ளன் என்பது என்னை, உங்களை அல்ல.

முதலாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சோப் 1.2 (கணினிகள் செய்தி பரிமாறும் முறை), டபிள்யூஎஸ்-அட்ரஸிங் (செய்திக்கு முகவரியும் அடையாளமும் இடும் முறை), டபிள்யூஎஸ்-ரிலயபிள் மெசேஜிங் (இணைப்பு அறுந்தாலும் செய்தியைத் தவறாமல் சேர்க்கும் முறை) என்று எழுதி, ஒரு செய்தி ஒரே ஒருமுறை மட்டும் ஒப்படைக்கப்படும் என்ற உத்தரவாதத்துக்கும் கீழே ஒப்பமிட்டிருக்கிறீர்கள். இவை நேற்று வந்த சங்கதிகள் அல்ல. சோப் 1.2, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது 2003இல். ரிலயபிள் மெசேஜிங் 1.1, ஒயாசிஸ் என்ற இன்னொரு தர அமைப்பின் தரநிலையானது 2007இல். செய்திகளுக்கு வரிசை இலக்கம் இட்டு, வந்து சேர்ந்த இலக்கங்களுக்கு ஒப்புகை அனுப்பி, வந்த இலக்கமே திரும்ப வந்தால் தள்ளிவிடத்தான் அது இருக்கிறது. உங்கள் சேர்வர் வரிசையைத் திறக்கச் சம்மதிக்கிறது. அதற்குப் பிறகு ஒப்புகையும் இல்லை, தள்ளுவதும் இல்லை. செய்தியோடு வரும் அந்த வரிசைத் தலைப்பில் ‘மஸ்ட் அண்டர்ஸ்டாண்ட்’ (கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்) என்ற குறி இருக்கிறது. அதைக் கையாள முடியாத சேர்வர் பிழைச் செய்தி தந்து நிறுத்த வேண்டும் என்பது சோப்பின் அடிப்படை விதி. உங்களுடையதோ ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 ஓகே பதிலைப் போட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறது. பிழை என்று சொல்லியிருந்தால் காசு கொடுக்கும் முன்னரே பிடித்திருப்போம்.

‘சோப் பழசு, ரெஸ்ட்டுக்கு மாறினால் சரியாகும்’ என்றார் உங்கள் பொறியியலாளர் (ரெஸ்ட் என்பது இணையத்தின் எச்டிடிபி நெறிமுறையை நேரே பயன்படுத்தும் இன்னொரு முறை). மாறுவதில் ஆட்சேபனை இல்லை. ஆனால் எச்டிடிபியில் புதுப் பதிவு போடும் ‘போஸ்ட்’ கட்டளை ஒன்றையே இருமுறை அனுப்பினால் இரண்டு பதிவு விழ இடமிருக்கிறது. எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரே பதிவாக நிற்கும் ‘புட்’ கட்டளைக்கு உள்ள பாதுகாப்பு அதற்கு இல்லை. எதற்கு மாறினாலும் நிறுவைக்கு ஒரு தனி இலக்கம் வைத்து, மறுபடி வருவதைத் தள்ளும் வேலையை யாராவது செய்துதான் ஆகவேண்டும். (சோப் சேவைகளை இயக்கும் மென்பொருளான அப்பாச்சி அக்சிஸ்2வின் வடிவமைப்பைப் பேசி எடுத்த கூட்டம் 2004இல் கொழும்பில்தான் நடந்தது. இந்த நாட்டில் இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.)

அடுத்தது அறை. முதலாம் அட்டவணை பக்கம் பக்கமாக ஓட, இரண்டாம் அட்டவணை மூன்றே வரியில் முடிகிறது: ‘போதுமான வசதிகள் இயன்றவரை’ வழங்கப்படுமாம். மழைக்குப் பேர்போன ஊரில் பின்னேரமானால் மலசலகூடத்துப் பைப்பில் காற்றுத்தான் வருகிறது. கதவுக்குக் கொண்டி இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடைந்த ஜன்னலுக்கு உரப் பையை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். தை மாதக் குளிரில் விரல் விறைத்து எண் மாறிப் பதிந்தால் அதையும் ‘பாவனையாளர் பிழை’ என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. இரட்டைப் பதிவுகளைத் துண்டோடு ஒப்பிட்டுத் திருத்த இந்தப் பிள்ளைகள்தான் பிந்தி நிற்கிறார்கள், அதுவும் தண்ணீர் தீர்ந்த பிறகு.

கட்டட உரிமையாளரைக் கேட்கச் சொல்கிறீர்கள். அவரோடு எங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. காற்று, வெளிச்சம், மலசலகூடம், கழுவும் வசதி எல்லாம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலேயே பேசப்பட்டவை. சர்வதேசத் தொழில் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 120ஆம் இலக்கச் சமவாயம் குடிநீரையும் இருக்கையையும் சேர்த்துச் சொல்கிறது, வசதி இருந்தால் போதாது, ஒழுங்காகப் பராமரிக்கவும் வேண்டும் என்கிறது. உங்கள் மூன்று வரியில் ‘பராமரிப்பு’ என்ற பேச்சே கிடையாது.

இரட்டித்த பதிவுகளை உங்கள் செலவில் திருத்தி, உறுப்பினர் வாரியாக எங்களுக்கும் தொழிற்சாலைக்கும் கணக்குத் தாருங்கள். சேர்வரைத் திருத்திய பிறகு எங்கள் மடுவத்துக்கு ஆள் அனுப்புங்கள்: நிறுவை போய்க்கொண்டிருக்கும்போதே இணைப்பைப் பிடுங்குவோம், மறுபடி கொடுப்போம், தொழிற்சாலையில் ஒரு வரிதான் விழ வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் ‘சரி’ என்று ஒப்பமிட மாட்டோம். இரண்டாம் அட்டவணையில் ‘இயன்றவரை’யை வெட்டிவிட்டு, வேலை நடக்கும் நேரம் முழுக்கத் தண்ணீர், குடிநீர், சவர்க்காரம், கொண்டி, கண்ணாடி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சேர்வர் நின்றால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, தண்ணீர் நின்றாலும் அதே கழிவு வேண்டும்.

கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அறை விடயத்தைத் தொழில் திணைக்களத்துக்கும், கணக்கு விடயத்தை எங்கள் சட்டத்தரணிக்கும் கொடுப்போம். நிறுவைத் துண்டு, சேர்வர் பதிவு, மலசலகூடப் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். டிக்கெட் இலக்கம் அனுப்ப வேண்டாம்; பொறுப்பான ஒருவரின் பெயரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்