அத்தானுக்கு அடுத்து என்ன?

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பாலா,

போன கிழமை நீ போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பார்ப்பம், பார்ப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. கார்-டி சிகிச்சை கொடுத்து ஐந்து மாதத்தில் அத்தானுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் திரும்பிவிட்டது, இனி பிடி-1 ஊசியையும் சேர்த்தால் சரிவருமா என்றுதானே கேட்டாய்? நான் டொக்டர் இல்லை, முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லாபில் மைக்ரோஸ்கோப்புக்குள் குனிந்திருந்தவன். வாசித்ததையும் எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன்.

கார்-டி என்றால், அத்தானின் டி கலங்களை, அதாவது நோயோடு சண்டை போடும் வெள்ளை இரத்தக் கலங்களை எடுத்து, சிடி19 என்ற புரதம் உள்ள கலங்களைத் தேடிக் கொல்லும்படி மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். அது உனக்குத் தெரியும். அப்படி மாற்றிய கலத்திலும் பிடி-1 என்ற பொத்தான் உண்டு. கலம் வேலையில் இறங்கினால் அந்தப் பொத்தான் வெளியே தெரியும். புற்றுக்கலம் அதை அமத்தினால் டி கலம் சோர்ந்துவிடும். இதைத்தான் செக்பொயின்ற் என்கிறார்கள். நம் ஊர்க்காரனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டுமா? பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து எத்தனை தரம் நடந்திருப்போம். ஆனால் அங்கே மறித்தவன் துவக்கு வைத்திருந்தான். இங்கே கள்ளன் பொலிஸை மறிக்கிறான், பொலிஸும் திரும்பிப் போகிறான். பொத்தானில் கை வைக்க விடாமல் மூடுவதுதான் அந்த ஊசி. பிடி-1ஐ 1992இல் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுகு ஹொன்ஜோவுக்கு 2018இல் நோபல் கிடைத்தது.

அப்போ இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். 2017இல் பென்சில்வேனியாவில் கார்-டிக்குப் பிறகும் கட்டி வளர்ந்த ஒருவருக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற பிடி-1 ஊசி கொடுத்தபோது, கட்டி சுருங்கியது, கார்-டி கலங்களும் மறுபடி பெருகின. ஆனால் அங்கேயே 12 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 3 பேருக்குத்தான் பலன், அதிலும் முழுவதாக மறைந்தது ஒருவருக்கு மட்டும்.

கார்-டியோடு தொடக்கத்திலேயே சேர்த்தும் பார்த்தார்கள். சூமா-6 என்ற ஆய்வில் ஆக்ஸி-செல் என்ற கார்-டிக்குப் பின் அட்டெசோலிசுமாப் கொடுத்தார்கள். அது பொத்தானை அல்ல, அதை அமத்தும் புரதத்தை மூடும் ஊசி. 28 பேரில் 75 சதவீதத்துக்குப் பலன், 46 சதவீதத்துக்கு முழுவதாக மறைந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆக்ஸி-செல்லைத் தனியாக 101 பேருக்குக் கொடுத்த முதல் ஆய்விலேயே அது 82, 54. சேர்த்ததால் கூடியதாகத் தெரியவில்லை. தேங்காய்ப்பாலில் இன்னொரு தேங்காயைப் பிழிந்தால் சொதி நல்லாகும் என்று அம்மா நினைப்பா, பிறகு அது திகட்டும். அந்த மாதிரி.

ஏன் என்று யோசித்தால், அத்தானுக்கு இருக்கிற 'பெரிய பி கல' வகை லிம்போமாவில் பிடி-1 ஊசி தனியாகவும் அவ்வளவு வேலை செய்யவில்லை. ஹொட்ச்கின் லிம்போமாவில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அதில் அந்தப் பொத்தானை அமத்தும் புரதத்தின் மரபணுவே பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். இரண்டும் லிம்போமா என்பதால் ஒன்றாகி விடுமா? இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கார்-டிக்குத் தப்பிய கட்டி சிலரில் சிடி19ஐயே உதறிவிடும். அப்போது சோர்வு நீங்கி எழும்பினாலும் கார்-டிக்குப் பிடிக்க ஆளில்லை.

அதனால் டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "ஊசி தருவீர்களா?" என்பது அல்ல. "திரும்பி வந்த கட்டியில் பயொப்ஸி எடுத்தீர்களா, சிடி19 இருக்கா, சிடி20 இருக்கா?" என்று கேள். சிடி20 என்பது சிடி19 மாதிரி இன்னொரு புரதம், அது இருந்தால் குளோஃபிடமாப் பற்றியும் கேள். குளோஃபிடமாப் ஒரு கையால் டி கலத்தையும் மறு கையால் சிடி20ஐயும் பிடித்து இரண்டையும் முட்டவைக்கும் மருந்து. உலகத்தில் முதலில் அனுமதி கொடுத்தது உங்கள் கனடாதான், 2023இல். கார்-டி ஏற்கெனவே எடுத்த 52 பேரில் 35 சதவீதத்துக்கு அதனால் முழுவதாக மறைந்தது. அத்தானின் நிலைக்கு நான் அதை முதலில் யோசிப்பேன். ஆய்வில் சேரும் வாய்ப்பு வந்தாலும் தட்டாதே, ஆனால் அது என்ன சேர்க்கை என்று பார்த்துச் சேர்.

அக்காவிடம் இதை எல்லாம் கொட்டாதே. அவவுக்கு நம்பிக்கை வேண்டும், சதவீதம் வேண்டாம். இங்கேயிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ்ஸில் தலையைத் தொங்கப்போட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அத்தானுக்குக் கார்-டி கிடைத்ததே பெரிய விஷயம்.

சரி, ஊர்ப் புதினம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள்ளே, மான்கள் முன்னைப் போலத்தான் நிற்கின்றன. நேற்று ஒன்று என் பையிலிருந்த வாழைப்பழத்தை உரிமையோடு இழுத்தது. அத்தானின் பேரில் ஒரு அர்ச்சனை செய்தேன், நட்சத்திரம் மறந்துவிட்டது, "சுவாமி பேருக்கே" என்று சொன்னேன்.

பயொப்ஸி ரிப்போட் வந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, இரவில் எனக்கு நித்திரை குறைவு.

உன்,
ரவி