பெட்டியில் 1200, போர்ட்டில் 100: உங்கள் ரூட்டர் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஏசி1200 வகை ரூட்டரின் போர்ட் (கேபிள் செருகும் இடம்) வேகத்தைப் பெட்டியில் சொல்லாமல் விற்றது, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள ரூட்டரை மாற்றித் தருமாறு அல்லது பணத்தைத் திருப்பித் தருமாறு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் ஏசி1200 வகை ரூட்டரை எங்கள் சிறு அலுவலகத்துக்காக வாங்கினோம். எங்கள் தேவை ஒன்றும் பெரிதல்ல. சில மேசைக் கணினிகள், லேப்டாப்கள், ஒரு பிரிண்டர், எல்லோருடைய கோப்புகளையும் சேர்த்து வைக்கும் ஒரு நாஸ் பெட்டி. இவை எல்லாம் ஒரே 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒன்றோடொன்று கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இதற்கு எந்த ரூட்டர் போதும் என்று பல பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டியின் முகப்பில் “1200 எம்பிபிஎஸ்”, “கிகாபிட் வைஃபை” என்று பெரிய எழுத்தில் இருந்தது. 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இது தாராளம் என்று யார் பார்த்தாலும் நினைப்பார்கள்.

பொருத்திய பிறகு இணைய வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே இல்லை. காலையில் பார்த்தாலும் 94, யாரும் இல்லாத இரவில் பார்த்தாலும் 94. வைஃபையில் குறைந்தால் சுவரைக் காரணம் சொல்லலாம், தூரத்தைக் காரணம் சொல்லலாம். ரூட்டருக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துப் பார்த்தோம். வைஃபை இணைப்பின் வேகம் 866 என்று லேப்டாப் காட்டுகிறது. அதே லேப்டாப்பில் வேகச் சோதனை ஓட்டினால் 94. கேபிள் போட்ட கணினியிலும் 94.

இந்த 94 எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நிச்சயம் தெரியும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் கம்பியில் முகவரி, தலைப்பு, இடைவெளி எல்லாம் போக, தகவலுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 95. ஆக, எங்கோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. உங்கள் இணையதளத்தில் அந்த மாடலுக்கான கையேட்டைத் தரவிறக்கி, கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணையைப் பார்த்தபோது அது கிடைத்தது: “வான் போர்ட்: 1 × 10/100 எம்பிபிஎஸ். லேன் போர்ட்: 4 × 10/100 எம்பிபிஎஸ்.” வான் என்பது இணையம் உள்ளே வரும் போர்ட், லேன் என்பது கணினிகளையும் நாஸையும் செருகும் போர்ட்கள். பெட்டியில் இந்த வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. பின்பக்கத்தில் “அதிவேக ஈதர்நெட் போர்ட்கள்” என்று மட்டும் இருக்கிறது.

அந்தச் சொல்லுக்கு முதலில் வருகிறேன். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் 1995-ல் தரமாக வந்தது. அப்போது அது அதிவேகம்தான். சாதாரண நெட்வொர்க் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டின் தரம் 1999-லேயே வந்துவிட்டது. உங்கள் ரூட்டரின் வைஃபை 2013-ல் அங்கீகரிக்கப்பட்ட 802.11ஏசி தரம். அதாவது 2013-ன் ரேடியோவை 1995-ன் போர்ட்டோடு சேர்த்து ஒரே பெட்டியில் அடைத்து, ரேடியோவின் எண்ணை மட்டும் முகப்பில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

அந்த 1200-ம் முழு உண்மை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 867. கூட்டினால் 1167, அதை மேல்நோக்கி முழுமையாக்கி 1200. ஒரு லேப்டாப்போ போனோ ஒரு நேரத்தில் இரண்டில் ஏதாவது ஒரு பட்டையில்தான் உங்கள் ரூட்டரோடு பேசும். எனவே எந்தக் கருவிக்கும் 1200 கிடைக்கப்போவதில்லை. 867-ம் காற்றில் ஓடும் அதிகபட்சக் கணக்குதான். கையில் வந்து சேருவது நல்ல நிலைமையிலும் கிட்டத்தட்ட அதில் பாதி. இது உங்கள் நிறுவனம் மட்டும் செய்வதல்ல, இந்தத் தொழிலே இப்படித்தான் எண்களைக் கூட்டிப் போடுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அதை மட்டும் வைத்து நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பாதி கிடைத்தாலும் எங்கள் 300-க்குப் போதும் என்று கணக்குப் போட்டுத்தானே வாங்கினோம். ஏட்டுச் சுரைக்காயில் பாதியாவது கறிக்கு உதவும் என்று நினைத்தோம்.

சரி, அந்த 867 எங்கேதான் பயன்படும்? வைஃபையில் இருக்கும் ஒரு கருவி வைஃபையில் இருக்கும் இன்னொரு கருவிக்குக் கோப்பு அனுப்பும்போது மட்டும். அப்போதும் இரண்டும் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்வதால் மறுபடியும் பாதியாகும். சிறு அலுவலகத்தில் யார் அப்படி அனுப்புகிறார்கள்? போக்குவரத்து முழுவதும் ஒன்று இணையத்துக்குப் போகும், அல்லது நாஸ் பெட்டிக்குப் போகும். இரண்டும் கேபிள் போர்ட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆகவே உங்கள் பெட்டியின் முகப்பில் இருக்கும் எண், இந்த ரூட்டரை வாங்குகிறவர்கள் செய்யப்போகிற எந்த வேலைக்கும் பொருந்தாத எண்.

நாஸ் பெட்டியில்தான் அடி பலமாக விழுந்தது. தினமும் வேலை முடிந்ததும் அன்றைய கோப்புகளை அதில் பிரதி எடுப்போம். 10 ஜிபி கோப்புகள் 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாகப் போக ஏறக்குறைய கால் மணி நேரம். கிகாபிட் போர்ட்டாக இருந்தால் வட்டு ஈடுகொடுத்தால் ஒன்றரை நிமிடத்தில் முடியும். ஒரு கணினி பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவரும் நாஸில் பெரிய கோப்பைச் சேமித்தால் இரண்டும் தவழும்; நாஸுக்குப் போகிற அந்த ஒற்றைக் கம்பியை எல்லோரும் பகிர வேண்டியிருக்கிறதே.

அப்புறம் உங்கள் உதவி எண். முதலில் பேசியவர் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார், செய்தோம். அடுத்தவர் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமைக்கச் சொன்னார், அதையும் செய்து எல்லா அமைப்புகளையும் மறுபடி உள்ளிட்டோம். பிறகு “இணையம் தருகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் வேகத்தைக் குறைத்திருப்பார்கள்” என்றார்கள். இணைய நிறுவனத்திலிருந்து வந்தவர் எங்கள் கண்முன்னே லேப்டாப்பை நேராக ஃபைபர் பெட்டியில் செருகி 300 வருவதைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்து கேபிள் பழுது என்றார்கள். அதே கேபிளை ஃபைபர் பெட்டியில் செருகினால் கணினி 1000 என்று காட்டுகிறது, உங்கள் ரூட்டரில் செருகினால் 100 என்று காட்டுகிறது என்று சொன்னேன். “கேட்6 கேபிள் வாங்கிப் பாருங்கள்” என்று பதில் வந்தது. கிகாபிட்டுக்கு அதற்கு முந்தைய வகையான கேட்5இ கேபிளே நூறு மீட்டர்வரை போதும். அதைவிட முக்கியம், 100 போர்ட்டில் என்ன கேபிள் போட்டாலும் 100தான் வரும்.

இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த மாடலின் போர்ட் வேகத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நானே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு கிடைத்த யோசனை இரண்டு: மேல் மாடல் வாங்குங்கள், அல்லது ஒரு கிகாபிட் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வாங்கி இடையில் வையுங்கள். சுவிட்ச் வைத்தால் கேபிளில் இருக்கும் கணினிகளும் நாஸும் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இணையம் வருகிற வான் போர்ட் 100-லேயே நிற்கும். வைஃபையிலிருந்து நாஸுக்குப் போவதும் 100-லேயே நிற்கும். குறையை நீங்கள் விற்றுவிட்டு, அதில் பாதியை மூடுவதற்கு நான் இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமா?

வேகம் ஒரு புறம் இருக்கட்டும். இந்த ரூட்டரின் விருந்தினர் வைஃபையை இயக்கியதும், “உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி” என்ற குறி இயல்பாகவே போடப்பட்டு இருந்தது. வந்து போகிறவர்களுக்கு இணையம் மட்டும் கொடுத்து, நம் கோப்புகளையும் பிரிண்டரையும் அவர்கள் கண்ணில் படாமல் வைப்பதற்குத்தானே விருந்தினர் வைஃபை? அதை அப்படியே விட்டிருந்தால் எங்கள் நாஸ் பெட்டி வாசலில் உட்கார்ந்திருப்பவரின் போனிலும் தெரிந்திருக்கும். நிர்வாகப் பக்கத்தின் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் “அட்மின்”. மாற்றச் சொல்லி ரூட்டர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விடப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான் 2016-ல் மிராய் என்ற தீநிரல் பெரும் படை திரட்டியது. அதற்குப் பிறகும் ஒரு ரூட்டர் இப்படி வெளிவருவது எனக்குப் புரியவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு இத்தகைய பொருள்களை விற்கக் கூடாது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை கிடைக்கும் என்பதையும் வெளியிட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. உங்கள் இணையதளத்தில் இந்த மாடலுக்கான கடைசி ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் உள்மென்பொருள்) இரண்டு ஆண்டுகள் பழையது. இனி வருமா, எதுவரை வரும் என்று எங்கும் ஒரு வார்த்தை இல்லை.

ஆன்டெனா பற்றியும் சொல்லிவிடுகிறேன். “சக்திவாய்ந்த 4 ஆன்டெனாக்கள்” என்று படம் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு, அவ்வளவே. அனுப்பும் திறனுக்கு உச்சவரம்பை அந்தந்த நாட்டின் அலைவரிசை விதிகள் வைக்கின்றன. கொம்புகளின் எண்ணிக்கை கூடினால் சுவர் மெலிந்துவிடாது. இதில் எனக்குத் தனியாகக் கோரிக்கை எதுவும் இல்லை. ஆனால் படம் போட இடம் இருந்த பெட்டியில் “10/100” என்று ஆறு எழுத்து அச்சிட இடம் இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

இனி என் கோரிக்கைகள். முதலாவது, எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள ரூட்டரைக் கூடுதல் பணம் கேட்காமல் மாற்றித் தர வேண்டும். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. “ரூட்டரில் பழுது இல்லை, அதனால் உத்தரவாதத்தில் வராது” என்று உங்கள் உதவி எண்ணில் சொன்னார்கள். பழுது இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் புகார் செய்வது பெட்டியில் எழுதியதைப் பற்றி. வாங்குகிறவரின் முடிவை மாற்றக்கூடிய ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டு, அதற்கு எதிரான எண்ணத்தைத் தரும் சொல்லைப் பெரிதாகப் போட்டது உத்தரவாதத்தின் எல்லைக்குள் அடங்கும் விஷயம் அல்ல.

அடுத்தது, இனி அச்சிடும் பெட்டிகளில் வான், லேன் போர்ட்களின் வேகத்தை வைஃபை வேகத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். “கிகாபிட் வைஃபை” என்ற சொல்லை 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள எந்த ரூட்டரிலும் போடாதீர்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த ரூட்டர் நன்றாகவே உதவும். அதை அப்படியே சொல்லி விற்கலாம், அவர்களும் நிம்மதியாக வாங்குவார்கள். விருந்தினர் வைஃபையின் அந்தக் குறியை நீக்கியும், முதல் நுழைவில் கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்றச் சொல்லியும் ஒரு ஃபர்ம்வேர் வெளியிடுங்கள். அது ஏற்கெனவே இதை வாங்கியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். புதுப்பிப்புகள் எந்த ஆண்டுவரை வரும் என்பதையும் இணையதளத்தில் தேதியோடு போடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைத்து ரூட்டரை அணைத்துப் போடச் சொல்ல வேண்டாம். பதில் வராவிட்டால் பெட்டியின் படங்களையும் கையேட்டின் பக்கத்தையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், பெட்டியின் முகப்பு, பின்பக்கப் படங்கள், கையேட்டில் போர்ட் விவரம் உள்ள பக்கம், ஃபைபர் பெட்டியில் நேராகவும் ரூட்டர் வழியாகவும் எடுத்த வேகச் சோதனைப் படங்கள்.